பெரிய எழுத்து ஆசை காட்டும், சின்ன எழுத்து காசு கேட்கும்



சம்பளம் வந்த முதல் வாரம். கிளாம்பாக்கத்துல பஸ் ஏறி, திண்டிவனம் தாண்டி, செஞ்சியில இறங்குறீங்க. கீழே கால் வைக்கிறதுக்குள்ள எத்தனை விளம்பரம் கண்ணுல பட்டிருக்கும்? மனை விற்பனை, நகைக்கடன், சீட்டு, பைக் லோன். அதுல இருந்து நாலு வார்த்தை சொல்லுங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க? "குறைந்த வட்டி", "உடனடி கடன்", "சேதாரம் இல்லை", "சதுர அடி ₹499". ஒருத்தர்கூட "நிபந்தனைகளுக்கு உட்பட்டது"ன்னு சொல்ல மாட்டாங்க.

அதுக்காக உங்க ஞாபக சக்தியைக் குறை சொல்ல வேண்டாம். எதை நீங்க முதல்ல படிக்கணும், எதைக் கடைசியா படிக்கணும், எதைப் படிக்கவே கூடாதுன்னு ஒருத்தர் உட்கார்ந்து முடிவு பண்ணியிருக்கார். எழுத்தோட அளவு, தடிமன், நிறம், இடம் இந்த நாலும்தான் அவரோட கருவி. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியலைன்னாலும் பரவாயில்லை. சம்பளம் வாங்குற யாரும் ஒரு நோட்டீஸை மட்டும் சரியா படிக்கத் தெரிஞ்சிருக்கணும். ஏன்னா உங்க வாழ்க்கையோட பெரிய செலவுகள் எல்லாம் ஏதோ ஒரு நோட்டீஸ்லதான் ஆரம்பிக்குது.

ஒரு மனை நோட்டீஸைப் பிரிச்சுப் பார்ப்போம்

2025 ஜூலையில செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேர்ந்தது. 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்'ங்கிற பெயர்ல 12 கோட்டைகளை ஒரே தொகுப்பா சேர்த்தாங்க. அதுல 11 மகாராஷ்டிராவுல இருக்கு. தமிழ்நாட்டுல இருக்கிற ஒண்ணு நம்ம செஞ்சி. ஊருக்குப் பெருமைதான். ஆனா ஒரு ஊருக்குப் பெருமை வந்தா, அதைத் தொட்டுக்கிட்டு மனை விலையும் கிளம்பும்.

அதனால உதாரணத்துக்கு ஒரு நோட்டீஸை நானே கட்டிக்கிறேன். எந்த நிறுவனத்தோட நோட்டீஸும் இல்லை இது. மேலே ராஜகிரி மலையோட படம். அதுக்குக் கீழே சிவப்புல மஞ்சள் எழுத்து, உள்ளங்கை அகலம்: "உலகப் புகழ் கோட்டைக்கு மிக அருகில்!" அடுத்து அதைவிடப் பெருசா "சதுர அடி ₹499", பக்கத்துல பொடி எழுத்துல "முதல்". நடுவுல "பஸ் ஸ்டாண்டிலிருந்து 5 நிமிடம்". ஓரத்துல "டிடிசிபி அப்ரூவல்", அதுக்குக் கீழே சின்னதா "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது". அடியில, சாம்பல் நிறத்துல, ஆங்கிலத்துல ரெண்டு வரி.

இப்போ தலைகீழா படிங்க. கீழே இருந்து மேலே, சின்னதுல இருந்து பெருசுக்கு.

ஆங்கில ரெண்டு வரியில என்ன இருக்கு? படம் கற்பனையானது, அளவுகள் மாறலாம், விலை முன்னறிவிப்பின்றி மாற்றப்படும். நோட்டீஸ் முழுக்கத் தமிழ்ல பேசினவர், கடைசியில மட்டும் ஏன் மொழி மாத்தினார்? இந்தக் கேள்வியை மனசுல வைங்க, திரும்ப வருவோம்.

அடுத்து "விண்ணப்பிக்கப்பட்டுள்ளது". அனுமதி கேட்டிருக்காங்க, இன்னும் கிடைக்கலைன்னு அர்த்தம். விண்ணப்பம் யார் வேணும்னாலும் போடலாம். பெரிய எழுத்துல "அப்ரூவல்"ங்கிற வார்த்தையும், சின்ன எழுத்துல அதை ரத்து பண்ற வார்த்தையும் ஒரே இடத்துல நிக்குது.

"5 நிமிடம்": யாரோட ஐந்து நிமிடம்? பைக்கா, காரா, ராத்திரி பதினோரு மணிக்கு காலி ரோட்டுலயா? கிலோமீட்டர் போடாம நிமிடம் போட்டா, தூரத்தை உங்க கற்பனைக்கு விட்டிருக்காங்கன்னு அர்த்தம்.

கடைசியா அந்தப் பெரிய வரி, "கோட்டைக்கு மிக அருகில்". இதுதான் இந்த நோட்டீஸோட உயிர்நாடி. உங்க பணத்துக்குப் பெரிய ஆபத்தும் இதே வரியிலதான் இருக்கு. செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கிற நினைவுச்சின்னம். 2010-ல திருத்தப்பட்ட பழங்காலச் சின்னங்கள் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அங்க புதுசா வீடு கட்ட முடியாது. அதுக்கு மேல இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி; அங்க கட்டணும்னா தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்தோட அனுமதி வேணும்.

இதுல ஒரு விஷயத்தைக் கவனிங்க. தூரத்தை மலை உச்சியில இருந்து அளக்க மாட்டாங்க, பாதுகாக்கப்பட்ட எல்லையில இருந்து அளப்பாங்க. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரின்னு மூணு மலையையும் சேர்த்து வளைச்ச கோட்டை இது. "மலை அங்க இருக்கு, நம்ம மனை இங்க இருக்கு"ன்னு கண்ணால கணக்குப் போட முடியாது. ஆக "மிக அருகில்"ங்கிறது உண்மையா இருந்தாலும் பிரச்னை, பொய்யா இருந்தாலும் பிரச்னை. உண்மைன்னா வீடு கட்ட முடியுமாங்கிற கேள்வி. பொய்ன்னா விலை ஏன் இவ்வளவுங்கிற கேள்வி.

நோட்டீஸ்ல இல்லாததையும் படிக்கணும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், 2016-ன் 11-வது பிரிவுப்படி, பதிவு செய்ய வேண்டிய திட்டத்தோட விளம்பரத்துல ஆணையத்தின் இணையதள முகவரியும் திட்டத்தின் பதிவு எண்ணும் தெளிவா தெரியுற மாதிரி இருக்கணும். 500 சதுர மீட்டருக்கு மேல இருக்கிற மனைப்பிரிவுக்குப் பதிவு கட்டாயம். எண் இருந்தா, தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தோட தளத்துல போட்டுப் பாருங்க. எண்ணே இல்லைன்னா, கோட்டை படம் எவ்வளவு அழகா இருந்தாலும் அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

தமிழுக்குன்னே ஒரு தந்திரம்: வால் வார்த்தை

தமிழ்ல "முதல்", "வரை", "மட்டும்", "பெறப்படும்" மாதிரியான வார்த்தைகள் எல்லாம் பின்னாடிதான் வரும். முதல்ல எண், அப்புறம்தான் அதோட எல்லை. "₹499 முதல்". "₹10 லட்சம் வரை". டிசைன் பண்றவருக்கு இது ரொம்ப வசதி. எண்ணை அறுபது பாயின்ட்ல போட்டுட்டு, வாலை எட்டு பாயின்ட்ல போட்டுடலாம். வாக்கியம் பொய் இல்லை. ஆனா பஸ்ல போறவர் கண்ணுக்கு வால் தெரியாது.

"முதல்" இருந்தா, அந்த விலைக்குக் கிடைக்கிறது அநேகமா மூலையில இருக்கிற ஒரு மனை, மீதியெல்லாம் அதிகம். "வரை" இருந்தா, ₹10 லட்சம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. உங்களுக்கு ₹50,000 கொடுத்தாலும் அந்த விளம்பரம் உண்மைதான். விலைக்குப் பின்னாடி "முதல்" வந்தா அதைத் தரையா எடுத்துக்கோங்க. கடனுக்கும் வருமானத்துக்கும் பின்னாடி "வரை" வந்தா அதைக் கூரையா எடுத்துக்கோங்க. உங்க கணக்கு ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோ நிக்கும்.

"மட்டும்" இன்னொரு வகை. ₹499-லயே நிறுத்தினாலும் 1,200 சதுர அடி மனைக்கு ₹5,98,800 ஆகுது. தமிழ்நாட்டுல விற்பனைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%. சேர்த்து 9%, அதாவது ₹53,892. வழிகாட்டி மதிப்பு அதிகமா இருந்தா அது இன்னும் ஏறும். "மட்டும்"னு முடிச்ச வாக்கியத்துக்குப் பின்னாடி உங்க ஒண்ணரை மாசச் சம்பளம் ஒளிஞ்சிருக்கலாம்.

எழுத்துரு விஷயத்துலயும் தமிழுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நம்ம எழுத்துல சுழி அதிகம். ணு, ழூ, ஞி எல்லாம் ரொம்பச் சின்ன அளவுல அச்சானா மை நிரம்பி அடைச்சுக்கும், புள்ளி காணாமப் போகும். ஆங்கிலத்துல தட்டுத்தடுமாறி படிக்க முடியுற அளவுல, தமிழ் வெறும் கறுப்புக் கோடா தெரியும். அதுலயும் எழுத்தை நெருக்கி ஒடுக்குற எழுத்துருவைப் போட்டா, நிபந்தனை வரி அலங்கார பார்டர் மாதிரி ஆயிடும். உங்களால படிக்க முடியலைன்னா கண்ணாடி கடைக்குப் போக வேண்டாம். "இதைப் பெரிய எழுத்துல ஒரு பிரின்ட் கொடுங்க"ன்னு கேளுங்க. கொடுக்க யோசிக்கிற இடத்துல நீங்களும் யோசிங்க.

"ஒரு ரூபா வட்டிதாங்க"

நம்ம ஊர்ல "நூத்துக்கு ஒரு ரூபா வட்டி"ன்னா மாசம் 1%. காதுக்கு எவ்வளவு லேசா இருக்கு பாருங்க. விளம்பரத்துல "வட்டி 12%"ன்னு பெருசா போட்டு, சின்னதா "ஃபிளாட்"னு ஒரு வார்த்தை போட்டிருப்பாங்க. அந்த ஒரு வார்த்தையோட விலையைக் கணக்குப் போடுவோம்.

₹1 லட்சம் கடன், 24 மாசம், 12% ஃபிளாட். வட்டி ₹24,000. மொத்தம் ₹1,24,000-ஐ 24-ஆல வகுத்தா இஎம்ஐ சுமார் ₹5,167. நீங்க மாசாமாசம் அசலைத் திருப்பிக் கொடுத்துக்கிட்டே வர்றீங்க. ஆனா வட்டி மட்டும் கடைசி மாசம் வரை முழு ஒரு லட்சத்துக்கே போடுறாங்க. குறையும் அசலுக்குக் கணக்குப் பண்ணா, உண்மையான வட்டி வருஷத்துக்கு சுமார் 21.5%.

அதோட "பிராசஸிங் கட்டணம் 2%" இன்னொரு மூலையில இருக்கும். ஜிஎஸ்டி 18% சேர்த்தா ₹2,360. அதைப் பிடிச்சுக்கிட்டு உங்க கைக்கு வர்றது ₹97,640. இப்போ கணக்குப் போட்டா சுமார் 24%. சுவர்ல பார்த்த 12%, உங்க பாக்கெட்ல 24% ஆயிடுச்சு. யாரும் பொய் சொல்லலை. எழுத்தோட அளவுதான் வேலையைப் பண்ணியிருக்கு.

இதுக்கு ரிசர்வ் வங்கி ஒரு நல்ல மருந்து வச்சிருக்கு. 2024 ஏப்ரல் 15 தேதியிட்ட சுற்றறிக்கைப்படி, 2024 அக்டோபர் 1 முதல் புதுசா கொடுக்கிற எல்லா சில்லறைக் கடனுக்கும் 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்' கொடுக்கணும். கடன் வாங்குறவருக்குப் புரியுற மொழியில இருக்கணும். அதுல ஏபிஆர்னு ஒரு எண் இருக்கும். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்ந்த ஒரே ஆண்டுச் சதவீதம். அந்தத் தாள்ல சொல்லாத கட்டணத்தை உங்க வெளிப்படையான சம்மதம் இல்லாம பிடிக்கவும் முடியாது. வங்கியோ, பதிவு பெற்ற நிதி நிறுவனமோ, ஆப் வழியா அவங்க கொடுக்கிற கடனோ எதுவா இருந்தாலும் முதல் கேள்வி இதுதான்: "ஏபிஆர் எவ்வளவு? தாளைக் கொடுங்க."

கல்லுல பொடி எழுத்து இல்லை

செஞ்சிக்குப் போனா கோட்டையோட திரும்பிடாதீங்க. பக்கத்துல சிறுகடம்பூர்ல திருநாதர்குன்றுன்னு ஒரு சின்னக் குன்று இருக்கு. பாறையில 24 தீர்த்தங்கரர்களையும் வரிசையா செதுக்கியிருக்காங்க. அங்கேயே ஒரு பழைய கல்வெட்டும் இருக்கு. தமிழி எழுத்து வட்டெழுத்தா மாறிக்கிட்டிருந்த காலத்து வடிவம். சந்திரநந்திங்கிற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த இடம் இதுன்னு சொல்லுது. யார், என்ன செஞ்சார், எத்தனை நாள், எந்த இடம். அவ்வளவுதான் செய்தி. நட்சத்திரக் குறியும் கிடையாது, அடிக்குறிப்பும் கிடையாது.

பிற்காலக் கோயில் கல்வெட்டுகள்ல நிலம் கொடுத்தா, நாலு எல்லை, வரி, நிபந்தனை எல்லாமே பெரும்பாலும் ஒரே அளவு எழுத்துல ஓடும். கொடையைப் பெருசாவும் நிபந்தனையைப் பொடியாவும் செதுக்குற வழக்கம் அங்க இல்லை.

இன்னைக்குச் சட்டம் திரும்பக் கேக்கறதும் கிட்டத்தட்ட அதைத்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் 9-ல வெளியிட்ட தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் என்ன சொல்லுதுன்னா, பொறுப்புத் துறப்பு வரி, விளம்பரம் சொல்ற அதே மொழியில இருக்கணும். அதே எழுத்துருவுல இருக்கணும். முக்கியமான தகவலை ஒளிக்கவோ, விளம்பரம் சொன்னதுக்கு முரணாவோ இருக்கக் கூடாது. நம்ம மனை நோட்டீஸ்ல தமிழ் திடீர்னு ஆங்கிலமா மாறுச்சே, அந்தக் கேள்விக்கு விடை இதுதான். அப்படி மாத்தக் கூடாது.

மியூச்சுவல் ஃபண்ட் விளம்பரக் கடைசியில ரயில் வேகத்துல ஒருத்தர் பேசுவாரே, அதுக்கும் விதி உண்டு. அந்த ஆங்கில எச்சரிக்கை சரியா 14 வார்த்தை. எழுத்தும் குரலும் குறைஞ்சது 5 விநாடியாவது ஓடினாத்தான் தெளிவா இருக்குன்னு எடுத்துக்கலாம்னு செபி விதி சொல்லுது. அந்த வரியைவிட உங்களுக்கு உடனே பயன்படுறது ரிஸ்கோமீட்டர். பைக்கோட ஸ்பீடோமீட்டர் மாதிரி அரைவட்டப் படம், ஆறு படிநிலை, 'குறைவு'ல இருந்து 'மிக அதிகம்' வரை. நல்ல டிசைன்னா இதுதான்: படிக்க நேரம் இல்லாதவருக்கும் முள் எங்க நிக்குதுன்னு தெரியும். விளம்பரத்துல சிரிக்கிற குடும்பத்தைப் பார்க்கிறதுக்கு முன்னாடி முள்ளைப் பாருங்க.

சின்ன எழுத்து எல்லாமே கெட்டதும் இல்லை. நகையில பொறிச்ச ஹால்மார்க்கைப் பாருங்க. பிஐஎஸ் முத்திரை, தூய்மை எண், ஆறு இலக்க ஹெச்யூஐடி. வெறும் கண்ணுக்குத் தெரியாத அளவுதான். ஆனா அந்த ஆறு இலக்கத்தை 'பிஐஎஸ் கேர்' ஆப்ல போட்டா நகையோட ஜாதகமே வரும். 2023 ஏப்ரல் 1-ல இருந்து ஹால்மார்க் நகையை ஹெச்யூஐடி இல்லாம விற்கக் கூடாது. "சேதாரம் இல்லை"ங்கிற பெரிய எழுத்தைவிட இந்தப் பொடி எழுத்துக்குத்தான் மதிப்பு. எழுத்து பெருசா சின்னதாங்கிறதைவிட, அதை நீங்க வேற இடத்துல சரிபார்க்க முடியுமாங்கிறதுதான் கேள்வி.

எழுத்துருவும் ஒரு சீருடைதான்

காக்கி போட்டவங்க எல்லாரும் போலீஸ் இல்லை. அதே மாதிரி, அரசுக் கடிதம் மாதிரி எழுத்துரு, அசோகச் சின்னம், நீல நிற வங்கி லோகோ எல்லாமே யார் வேணும்னாலும் போட்டுக்கிற சீருடைதான். ஒரு லேப்டாப் இருந்தா பத்து நிமிஷ வேலை. 'உங்க பேர்ல வழக்கு இருக்கு', 'கேஒய்சி இன்னைக்கு ராத்திரியோட முடியுது'ன்னு வாட்ஸ்அப்ல வர்ற நோட்டீஸ் எல்லாம் பயமுறுத்துறது வார்த்தையால மட்டும் இல்லை, தோற்றத்தாலயும்தான். சிவப்பு நிறம், தடித்த எழுத்து, ஓடிக்கிட்டிருக்கிற கடிகாரம். பொய்யான அவசரம் காட்டுறதை, 2023 நவம்பர் 30-ல அறிவிச்ச 13 ஏமாற்று வடிவமைப்புகள்ல ஒண்ணா மத்திய அரசே பட்டியல் போட்டிருக்கு.

இணைய முகவரியில எழுத்துருவே ஏமாத்தும். ஆங்கிலச் சின்ன 'ஆர்' எழுத்தையும் 'என்' எழுத்தையும் ஒட்டி வச்சா, போன் திரையில 'எம்' மாதிரியே தெரியும். பெரிய 'ஐ'யும் சின்ன 'எல்'லும் பல எழுத்துருக்கள்ல ஒரே குச்சிதான். கண்ணால இதைக் கண்டுபிடிக்க முயற்சி பண்ணாதீங்க. இந்திய வங்கிகள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்'னு முடியுற முகவரிக்கு மாறணும்னு ரிசர்வ் வங்கி கொடுத்த கெடு 2025 அக்டோபர் 31. முகவரியோட முடிவைப் பாருங்க, ஆரம்பத்தை இல்லை. இங்கேயும் வால்தான் உண்மையைச் சொல்லும். லிங்கைத் தொடாம, முகவரியை நீங்களே டைப் பண்ணுங்க. பணம் போயிடுச்சுன்னா யோசிக்காம உடனே 1930-க்கு போன் அடிங்க. ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்.

அஞ்சு நிமிஷப் பழக்கம்

அடுத்த தடவை ஒரு நோட்டீஸோ ஆப் திரையோ உங்களைத் தடுத்து நிறுத்தினா, இதைச் செய்யுங்க:

1. போட்டோ எடுத்து, ஜூம் பண்ணி, கீழே இருந்து மேலே படிங்க.

2. ஒவ்வொரு எண்ணுக்குப் பின்னாடியும் வால் வார்த்தையைத் தேடுங்க. "முதல்", "வரை", "ஃபிளாட்", நட்சத்திரக் குறி.

3. எல்லா வரியையும் ஒரே அளவு எழுத்துல உங்க போன் நோட்ஸ்ல நீங்களே டைப் பண்ணுங்க. நிறம், படம் எதுவும் இல்லாம. இப்பவும் அது நல்ல டீலா தெரியுதா?

4. விளம்பரத்துல இல்லாததைக் கேளுங்க. மனைன்னா பதிவு எண், கடன்னா ஏபிஆர், ஃபண்ட்னா ரிஸ்கோமீட்டர், நகைன்னா ஹெச்யூஐடி.

5. விளம்பரம் கொடுத்த லிங்க்லயோ போன் நம்பர்லயோ சரிபார்க்காதீங்க. நீங்களா தேடிப் போற அரசுத் தளத்துல சரிபாருங்க.

இதுல மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. எழுத்தோட மேக்கப்பைக் கலைச்சுட்டா, மிஞ்சுறது வெறும் ஒப்பந்தம். அது நல்லதா இருந்தா கையெழுத்துப் போடுங்க. இல்லைன்னா அந்த ₹53,892 உங்க அக்கவுன்ட்லயே இருக்கட்டும்.

உங்க ஊர் சுவர்ல, உங்க போன்ல பார்த்த 'வால் வார்த்தை' விளம்பரம் இருந்தா, கம்பெனி பேரையும் போன் நம்பரையும் மறைச்சுட்டு கமென்ட்ல எழுதுங்க. அடுத்த வீடியோவுல சேர்ந்து பிரிச்சுப் பார்ப்போம்.